ஆண்ட்ராய்ட் பல் டாக்டரும் எதிர்க்கட்சிக் கடைவாய்ப் பல்லும்

பல் டாக்டருக்குக் கை மிருது. அவரைப் பிடிக்காதவர்கள்கூட இதை ஒப்புக்கொள்வார்கள். ஊசி போட்டதே தெரியாமல் ஊசி போடுவார். பல்லைப் பிடுங்கித் தட்டில் போட்ட பிறகு, "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்று கேட்டவர்கள் உண்டு. கஷ்டமெல்லாம் அவருடைய வாயால்தான் வந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அக்கா. கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து பதினொரு வருஷமாக அங்கே சீட்டு எழுதிக் கொடுப்பதும், கருவிகளைக் கொதிக்க வைப்பதும், டாக்டர் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொள்வதும் அக்காதான். டாக்டரைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் டாக்டருக்கும் அவர் அக்கா. உள்ளறையில் சாய்வு நாற்காலி, மேலே வளைந்து நிற்கும் விளக்கு, தலைமாட்டில் டாக்டர்.

அந்த நாற்காலியில் ஒருவர் சாய்ந்து, வாயைப் பிளந்து, கன்னத்துக்குள் இரண்டு பஞ்சுருளைகள் போய், உதட்டோரம் குழாய் தொங்கத் தொடங்கியதும் டாக்டர் கேட்பார்.

"நீங்க என்ன ஃபோன் வச்சிருக்கீங்க?"

"ஆ..."

"ஐபோனா? அதானே. முகத்தைப் பார்த்ததுமே நினைச்சேன். நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஃபோன்ல ஒரு எழுத்தோட வடிவத்தை மாத்தணும்னா உங்களால முடியுமா? முடியாதுல்ல? காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கிட்டு, அது கிட்டயே போய் அனுமதி கேட்டு நிக்கறதா? ஆண்ட்ராய்ட்னா சுதந்திரங்க. நான் சொல்றது சரிதானே?"

"ஆ..."

'ஆ' என்பது 'ஆமாம்' என்ற சொல்லின் முதல் பாதி. மறு பாதியை டாக்டரே போட்டு நிரப்பிக்கொள்வார். இப்படியாக நாலு வருஷத்தில் அவர் ஒரு விவாதத்தில்கூடத் தோற்றதில்லை.

வீட்டில் நிலைமை வேறு. சொல்லப்போனால், எல்லாம் வீட்டில்தான் தொடங்கியது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர்கள் கூடிச் சாப்பிட்டு முடித்துக் கும்பலாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். மனைவி, மனைவியின் தம்பி, தம்பி பெண்டாட்டி, சித்தி, சித்தி மகள் என்று எல்லோரிடமும் ஐபோன். ஒருவர் ஃபோனிலிருந்து மற்றவர் ஃபோனுக்கு நிமிஷத்தில் படங்கள் பறந்தன. டாக்டர் தன் ஃபோனைக் கையில் ஏந்திக்கொண்டு பந்தியில் இலை கிடைக்காதவர் மாதிரி நின்றார். அப்போது மச்சினன் சொன்னான்: "மாமாவுக்கு மட்டும் தனியா அனுப்பணும்ப்பா. மாமா தனிப்பிறவி."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தார். அதுதான் டாக்டரைச் சுட்டது.

மூன்று நாள் யோசித்து அவர் ஒரு பதிலைத் தயார் செய்தார். வாழ்நாளில் அப்படியொரு பதிலை அவர் தயார் செய்ததில்லை. நாலாம் நாள் மச்சினனைக் கூப்பிட்டு மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது மச்சினன், "எதைப் பத்தி மாமா பேசறீங்க?" என்று கேட்டான். கேள்வியே அவனுக்கு மறந்துபோயிருந்தது. பதில் மட்டும் டாக்டரிடம் மிஞ்சி நின்றது. மிஞ்சியதை எங்காவது கொட்டியாக வேண்டுமே! மறுநாள் காலையில் முதல் ஆளாக நாற்காலியில் சாய்ந்தவர் ஓர் இரும்புக்கடைக்காரர். அவரிடமிருந்து ஆரம்பமானது.

சுதந்திரம், சுதந்திரம் என்று வாய் வலிக்கப் பேசுகிற டாக்டரின் கிளினிக்கில் வாய் கொப்பளிக்கும் டம்ளரை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வைக்க அக்காவுக்கு உரிமை கிடையாது. பெஞ்சை ஒரு சாண் நகர்த்தினாலும் டாக்டருக்குத் தெரிந்துவிடும். செருப்பு விடும் இடத்தில்கூடக் கோடு போட்டிருந்தார். இதையெல்லாம் அக்கா ஒருமுறை எடுத்துச் சொன்னபோது, "அது வேறக்கா, இது வேற" என்றார். எப்படி வேறு என்று விளக்கவில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு டாக்டர் பல் குடையும் மெஷினைக் கூடுதல் நேரம் ஓட்டுகிறார் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. இது அபாண்டம். வேலையில் அவர் யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை, பேச்சுதான் கூடுதல். ஆனால் பல்வலிக்காரனுக்கு நியாய அநியாயம் பார்க்கத் தெம்பு ஏது? சிலர் ஃபோனின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துக்கொண்டு வந்தார்கள். இரும்புக்கடைக்காரர் இரண்டாவது தடவை வரும்போது பக்கத்துக் கடையில் ஒரு பழைய ஆண்ட்ராய்ட் ஃபோனை இரவல் வாங்கிச் சட்டைப் பையில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் அதைப் பார்த்து, தன் வாதத்துக்கு மனம் மாறிய ஆத்மா என்று பூரித்துப்போய், அன்றைக்குப் பல் சுத்தம் செய்ததற்குக் காசே வாங்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் அறிவிப்பாளர் அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடியேறினார்.

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்வது அவர் வேலை. ஊரில் பாதிப்பேர் அவரைப் பார்த்ததில்லை. அத்தனை பேரும் அவரைக் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் குரல் வீங்கிய கன்னத்துக்குள் மாட்டிக்கொண்டு கொழகொழவென்று வந்தது. கீழ் வரிசையில் இடது கடைவாய்ப் பல், வேர் வரைக்கும் சொத்தை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர், "ரூட் கேனால் பண்ணணும். நாலு தடவை வரவேண்டியிருக்கும்" என்றார்.

முதல் தடவை அந்த அம்மாள் நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்திருந்தார். டாக்டர் எழுத்து வடிவத்தில் தொடங்கி, சார்ஜர் வழியாகப் போய், சுதந்திரத்தில் முடித்தார். வழக்கம்போல் ஏழெட்டு 'ஆ' கிடைத்தது. திருப்தியாகக் கையுறையைக் கழற்றினார்.

இரண்டாம் தடவை பஞ்சு வைத்து, குழாய் மாட்டி, "போன வாட்டி எங்கே விட்டேன்?" என்று டாக்டர் ஆரம்பித்ததும், அந்த அம்மாள் வலது கையைத் தூக்கினார். வலிக்கிறதாக்கும் என்று டாக்டர் மெஷினை நிறுத்தினார். கை மடியிலிருந்த ஃபோனை எடுத்தது. கட்டைவிரல் தடதடவென்று எதையோ தட்டியது. தட்டியதை ஃபோன் வாய்விட்டு வாசித்தது. கோபமோ சிரிப்போ இல்லாத, இஸ்திரி போட்ட மாதிரியான குரலில் பேசிற்று.

"டாக்டர், உங்கள் ஃபோனில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்கிறீர்கள். போன வருஷம் என்னென்ன மாற்றினீர்கள்?"

டாக்டர் திகைத்துப்போனார். நாலு வருஷத்தில் அந்த நாற்காலி அவரைத் திருப்பிக் கேட்டதே இல்லை.

"எழுத்து வடிவத்தை மாத்தினேன்" என்றார் மெதுவாக. "படங்களோட வடிவத்தை மாத்தினேன். மணிச் சத்தத்தை மாத்தினேன்."

கட்டைவிரல் ஓடியது. "அப்புறம்?"

"அப்புறம்... சரியா படலை. எல்லாத்தையும் பழையபடி மாத்திட்டேன்."

குழாயைப் பிடித்திருந்த அக்காவின் முகமூடி குலுங்கியது. டாக்டர் முறைத்தார். "குழாயை ஒழுங்கா பிடிங்கக்கா."

"சரிம்மா, நான் கேக்கறேன்" என்று டாக்டர் நிமிர்ந்தார். "உங்க ஃபோன்ல நீங்க நினைச்சதையெல்லாம் பண்ண முடியுமா?"

"யாராவது கூப்பிட்டால் எடுக்க வேண்டும். நான் கூப்பிட்டால் அவர்கள் எடுக்க வேண்டும். நான் நினைத்தது இவ்வளவுதான். இரண்டும் நடக்கிறது."

"அதில்லைங்க. ஒரு பிளாட்ஃபாரம்னு எடுத்துக்கிட்டா எது சிறந்ததுன்னு ஒரு கேள்வி இருக்கில்ல?"

"பிளாட்ஃபாரத்தைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள் டாக்டர். ஒன்று முதல் பதினான்கு வரை எனக்கு அத்துப்படி. எந்தப் பிளாட்ஃபாரத்தில் நிற்பவரும், வேறெதிலோதான் வண்டி சீக்கிரம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு நிற்கிறார்."

டாக்டர் அன்றைக்குத் தோற்றுப்போய் வேரைச் சுத்தம் செய்தார். ஆனால் அவமானப்பட்டவர் மாதிரி வீட்டுக்குப் போகவில்லை. மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனார் என்று அக்கா சொல்வார். தெருத்தெருவாக ஒண்டியாய்ப் பந்தடித்துக்கொண்டிருந்தவனுக்கு முதல் தடவையாக எதிரில் ஓர் ஆள் கிடைத்தால் எப்படியிருக்கும்? அப்படி.

அந்த வாரம் முழுக்கப் படித்தார். இரண்டு ஃபோனையும் ஒப்பிட்டு யார் யாரோ பேசிய வீடியோக்களைச் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் நிறுத்தி வைத்துப் பார்த்தார். குறிப்பெடுத்தார். மனைவி கவனித்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தபால் நிலையத்தில் வேலை. முகவரி சரியில்லாத கடிதத்தைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிப்பவர்.

"ஏங்க, யாருக்காக இவ்வளவு படிக்கிறீங்க?"

"ஒரு பல்லு."

"பல்லுக்கா?"

"கஷ்டமான பல்லு."

"அதுக்குப் பேட்டரியைப் பத்தி எதுக்குப் படிக்கணும்?"

டாக்டர் மோரை எடுத்துக் குடித்தார். மறுநாள் மனைவி அக்காவுக்கு ஃபோன் செய்து விசாரித்தார். அக்கா நடந்ததைச் சொன்னதும், "அவ்வளவுதானா? இங்க யாரும் காது கொடுக்கறதில்ல, அங்கயாவது பேசட்டும்" என்று வைத்துவிட்டார்.

மூன்றாம் தடவை டாக்டர், எக்ஸ்ரே படங்களைச் செருகிப் பார்க்கும் வெளிச்சப் பெட்டியில் தன் குறிப்புச் சீட்டுகளைச் செருகி வைத்திருந்தார். ஒரு கண் பல்லிலும் ஒரு கண் பெட்டியிலுமாக வேலை நடந்தது. கேமராவைப் பற்றி அவர் சொல்ல, இஸ்திரிக் குரல் மறுத்துச் சொல்ல, டாக்டர் மடக்க, குரல் திருப்பி மடக்க, உள்ளறை ரெண்டுபட்டது. கதவு சரியாகச் சாத்தாததால் முன்னறையில் காத்திருந்தவர்களுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. தன் முறை வந்தும் ஒருவர், "பரவாயில்ல, அவங்க முடிக்கட்டும்" என்று வலியோடு உட்கார்ந்திருந்தார்.

செய்தி பரவிற்று. அடுத்த தடவைக்குப் பெஞ்சு நிறைந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப்பேருக்கு முப்பத்திரண்டு பல்லும் முத்துமுத்தாக இருந்தது. அக்கா சீட்டு எழுதும்போது, "பல்லா, ஃபோனா?" என்று கேட்டுப் பிரிக்க வேண்டியதாயிற்று. யாரும் சொல்லாமலே ஐபோன்காரர்கள் ஜன்னலோரப் பெஞ்சிலும் ஆண்ட்ராய்ட்காரர்கள் சுவரோரப் பெஞ்சிலும் உட்கார்ந்தார்கள். உள்ளே தங்கள் கட்சி ஒரு புள்ளி எடுத்தால் இந்தப் பெஞ்சு தலையாட்டும். அந்தப் பெஞ்சு கூரையைப் பார்க்கும். ஒரு நாள் உண்மையான பல்வலியோடு வந்த பெரியவர் தெரியாமல் தப்பான பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, நாலு பேர் முறைத்ததும் எழுந்து நின்றுகொண்டார்.

நாலாம் தடவையோடு பல்லுக்கு மேல் உறை மாதிரி கேப் மாட்டி அனுப்ப வேண்டும். கேப்பும் செய்து வந்து டப்பாவில் தயாராக இருந்தது. டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்தார். ஒரு குறையுமில்லை. விளக்கைச் சரிசெய்தார். மறுபடியும் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பார்க்கணும்" என்றார். "அடுத்த வாரம் வந்துடுங்க."

ஐந்தாம் தடவையும் அதையே சொன்னார். அன்று எல்லோரும் போன பிறகு அக்கா கருவிகளைத் துடைத்தபடி, "டாக்டர், அந்தப் பல்லு போன வாரமே முடிஞ்சுபோச்சு" என்றார்.

"கவனமா இருக்கறதுல தப்பில்லக்கா."

"பல்லு கவனமாத்தான் இருக்கு. கேப்புதான் டப்பாவுலயே கிடக்கு."

"நான் கூடுதலா காசு வாங்கறேனா?"

"அதான் டாக்டர் எனக்குப் பயமா இருக்கு" என்றார் அக்கா. "காசுக்காகன்னா எப்போ நிறுத்துவீங்கன்னு தெரியும்."

டாக்டர் வெளிச்சப் பெட்டியை அணைத்துவிட்டுக் கிளம்பினார். அக்கா சொன்னது முதுகில் முள்ளாகக் குத்திக்கொண்டுதான் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிட்டார். சமாதானம் கண்டுபிடிப்பதில் அவர் கை தேர்ந்தவர்.

ஆறாம் தடவை, சனிக்கிழமை காலை. உள்ளே அறிவிப்பாளர் அம்மாள் பஞ்சும் குழாயுமாகச் சாய்ந்திருந்தார். வெளியே இரண்டு பெஞ்சிலும் இடமில்லை. எந்த ஃபோன் உறுதியானது என்று உள்ளே பேச்சு வந்தது. அது வெளியே தொற்றிக்கொண்டது. சுவரோரப் பெஞ்சில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் உறுதியானவர். டாக்டரின் கட்சி. எதிர்ப் பெஞ்சில் கல்யாணப் படம் எடுக்கும் புகைப்படக்காரர். ஐபோன் கட்சி.

"என் ஃபோன் ஓடற வண்டியிலிருந்து விழுந்திருக்கு சார்" என்றார் ஆசிரியர். "ஒண்ணும் ஆகலை."

"சும்மா சொல்லாதீங்க."

"சும்மாவா? இப்பவே காட்டவா?"

ஆசிரியர் எழுந்து ஃபோனைத் தலைக்கு மேல் ஓங்கினார். தரையில் அடிக்கத்தான் ஓங்கினார், அதில் சந்தேகமில்லை. அதைத் தடுக்கிற நல்லெண்ணத்தோடு புகைப்படக்காரரும் எழுந்தார். ஃபோன் இறங்கிய வழியில் அவருடைய வாய் இருந்தது.

'டக்'கென்று ஒரு சத்தம். ஃபோன் தரையில் விழுந்து சுழன்றது. ஆசிரியர் பாய்ந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பார்த்தீங்களா! ஒரு கீறல் இல்ல!" என்று கூவி, ஃபோனை எல்லோருக்கும் காட்டினார். சுவரோரப் பெஞ்சில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். பிறகுதான் புகைப்படக்காரரின் சட்டையில் இறங்கும் ரத்தத்தைப் பார்த்தார்கள். மேல்வரிசையில் முன்பல் இருந்த இடத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

டாக்டர் வெளியே வந்தார். ஒரு பார்வைதான். மண்டி போட்டுப் பெஞ்சுக்கு அடியில் கைவிட்டுப் பல்லைத் தேடி எடுத்தார். வேரைத் தொடாமல் மேல்நுனியைப் பிடித்து எடுத்தார்.

"அக்கா, டீக்கு வச்ச பால் இருக்கா?"

"இருக்கு. இன்னும் காய்ச்சலை."

"ஒரு டம்ளர்ல கொண்டாங்க."

பால் வருவதற்குள் உள்ளே நாற்காலி காலியாகியிருந்தது. அறிவிப்பாளர் அம்மாள் வாயில் பஞ்சோடு எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் டம்ளரை வாங்கிப் பிடித்துக்கொண்டார். பல் பாலுக்குள் போயிற்று. புகைப்படக்காரர் நாற்காலிக்குப் போனார்.

அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம் டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசி போட்டார். குழியைக் கழுவினார். பல்லைப் பாலிலிருந்து எடுத்து, மெல்லக் கழுவி, அது இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினார். பக்கத்துப் பற்களோடு சேர்த்து மயிர் போன்ற கம்பியால் கட்டினார். யார் என்ன ஃபோன் என்று கேட்கவில்லை. முன்னறையில் எல்லோரும் ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு வாரம் கம்பி இருக்கட்டும். கடிக்கிறதெல்லாம் பின்பல்லால. நாளைக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க" என்று புகைப்படக்காரரிடம் சொல்லிவிட்டு டாக்டர் கையைக் கழுவ வந்தார். கதவருகில் ஆசிரியர் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் நிற்கிறார் என்று டாக்டர் நினைத்தார்.

"டாக்டர்" என்று ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "நடந்தது தப்புதான். ஆனா இனிமே நம்ம ஃபோனை யாரும் குறை சொல்ல முடியாதுல்ல?"

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். சுத்தமான, கள்ளமில்லாத, வெற்றி பெற்ற முகம். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. வாஷ்பேசினுக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்க ஃபோனுக்கு ஒண்ணும் ஆகலை. வீட்டுக்குப் போங்க" என்றார்.

பிறகு உள்ளே போய், அறிவிப்பாளர் அம்மாளை மறுபடி உட்கார வைத்து, டப்பாவிலிருந்த கேப்பை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் மாட்டினார். பத்து நிமிஷ வேலை. பஞ்சை எடுத்தார். குழாயை எடுத்தார்.

"முடிஞ்சுதும்மா. இனி வர வேண்டாம்."

அந்த அம்மாள் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் பார்க்கணும்னு போன வாரம் சொன்னீங்களே?"

பொய் சொல்ல வழியிருந்தது. அக்கா குழாயைச் சுருட்டியபடி டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லு நாலாவது தடவையே சரியாயிடுச்சு" என்றார் டாக்டர். "பேச்சுக்காகத்தான் மறுபடி மறுபடி வரச் சொன்னேன்."

அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பிறகு வாயைத் திறந்தார். டாக்டர் அந்தக் குரலை அதன் முழு அளவில் நேரில் கேட்பது அதுவே முதல் தடவை. பதினான்கு நடைமேடைக்கும், இரைச்சலுக்கும் மேலே போய்ப் போய்ப் பழகிய குரல். மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது.

"ரெண்டு சனிக்கிழமை! ஷிஃப்ட் மாத்தித் தரச்சொல்லி ஒவ்வொருத்தர் கிட்டயா கெஞ்சி வந்திருக்கேன்! முடிஞ்ச பல்லுக்கு! நல்ல பல்லைத் திறந்து வச்சுக்கிட்டு ஃபோன் கதையா பேசினீங்க?"

கீழே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தெருவுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார். எதிர் வரிசையில் ஜன்னல்கள் திறந்தன. ஒவ்வொரு சொல்லும் நிறுத்தி, திருத்தமாக, இரண்டாம் முறை கேட்கத் தேவையில்லாதபடி தெருவில் இறங்கியது. டாக்டர் முடிஞ்ச பல்லை இழுத்தடித்தார் என்ற விஷயம், அந்தத் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் ஒரே நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது.

டாக்டர் தலையைக் குனிந்து நின்றார். "தப்புதாம்மா" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன். உங்களை மாதிரி ஐபோனுக்காக வாதாடினவங்களை நான் பார்த்ததே இல்ல."

"ஐபோனுக்காகவா?" அந்த அம்மாளுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "இது என் தங்கச்சி வேற ஃபோன் வாங்கினப்போ வேணாம்னு கொடுத்தது. எது நல்ல ஃபோன், எது கெட்ட ஃபோன், எனக்கென்ன தெரியும்? உங்க மெஷின் சத்தம் கேட்டா எனக்கு உயிரே போயிடும் டாக்டர். முதல் தடவை நீங்க பேசினப்போ கொஞ்சம் மறந்திருந்தேன். நானும் பேசினா முழுசா மறந்துடலாம்னு பார்த்தேன். நீங்க ஆண்ட்ராய்டைத் திட்டியிருந்தா நான் ஆண்ட்ராய்டுக்குப் பேசியிருப்பேன்."

தெரு கேட்டதைவிட இது டாக்டரை அதிகம் வருத்தியது. வாழ்க்கையில் கிடைத்த ஒரே எதிரி எதிரியே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கிளினிக் மயானமாக இருந்தது. பல்லுக்காக வந்தவர்கள் மட்டும் வந்தார்கள். ஃபோனுக்காக வந்தவர்கள் விவாதத்தைக் கீழே கண்ணாடிக் கடை வாசலுக்கு மாற்றிக்கொண்டு, கடைக்காரரின் பிராணனை வாங்கினார்கள். பல் உடைத்த ஃபோன் எந்தக் கட்சி ஃபோன் என்பதிலேயே அங்கே இப்போது இரண்டு கருத்து நிலவியது. உடையாத ஃபோனுக்கு இரண்டு தரப்பும் சொந்தம் கொண்டாடின. புகைப்படக்காரரின் பல் வேர் பிடித்துக்கொண்டது. அவர் யார் பக்கமும் பேசுவதில்லை. கூட்டத்தைக் கண்டால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவைக் கடந்துபோய்விடுவார்.

டாக்டர் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தார். ஆனால் அதுவும் சரிப்படவில்லை. "மெஷின் சத்தம் ரொம்பக் கேக்குது டாக்டர், மெஷினை மாத்திட்டீங்களா?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மெஷின் பழைய மெஷின்தான். பேச்சுதான் இல்லை. கடைசியில் அக்கா ஒரு யோசனை சொன்னார்: "பேசுங்க டாக்டர். ஆனா பஞ்சு வைக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. அவங்க சொல்லி முடிச்சப்புறம் வைங்க."

டாக்டர் அப்படியே செய்தார். பஞ்சில்லாத வாயிடம், "என்ன ஃபோன் வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். முதல் நாள் வந்த ஐந்து பேரில் ஒருவர், "கறுப்பு" என்றார். ஒருவர், "பெரியவன் வாங்கிக் கொடுத்தது" என்றார். ஒரு பெண்மணி பையிலிருந்து எடுத்துக் காட்டி, "இது என்னன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். இன்னொருவர், ஃபோனுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பினார். ஐந்தாமவர் மட்டும் நீளமாகப் பதில் சொன்னார். அது ஃபோனைப் பற்றி அல்ல, ஃபோனே செய்யாத மகளைப் பற்றி. டாக்டர் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்தபோது மெஷினை எடுக்க அரைமணி நேரம் தாமதமாகிவிட்டிருந்தது. நாலு வருஷமாக எத்தனை பேருடைய 'ஆ'வுக்குத் தான் 'மாம்' போட்டிருக்கிறோம் என்று அவர் அன்றைக்குக் கணக்குப் பார்க்க முயன்று, பாதியில் விட்டுவிட்டார்.

ஆறு மாதம் கழித்து அறிவிப்பாளர் அம்மாள் பல் சுத்தம் செய்ய வந்தார். பாதி கோபம் பாக்கியிருந்தது, முகத்தில் தெரிந்தது. நாற்காலியில் சாயாமல் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "முதல்லயே சொல்லிடுங்க. எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

"இருபது நிமிஷம்."

"பேச்சோடயா, பேச்சில்லாமயா?"

"பேச்சில்லாம இருபது. பேச்சோட நாற்பது."

அந்த அம்மாள் தட்டில் பளபளத்த மெஷின் முனையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை மெஷினைப் பார்த்தார்.

"முப்பதுக்குள்ள முடிங்க" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்தார்.